கண் எரியாத மருந்து

காலை ஆறு மணிக்கு மயிலாத்தாள் தலைக்கவசத்தை மாட்டி, முழங்கால்களுக்குத் தகடு கட்டி, ஈட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு காபி போடக் கிளம்பினாள்.

செவ்வாய்க் கிரகத்துக் குமிழூரில் எல்லா வீட்டிலும் காபி இப்படித்தான் போடப்பட்டது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரப்பான்கள் காத்திருக்கும். பூமியிலிருந்து அரிசி மூட்டைக்குள் ஒளிந்து வந்த நாளில் அவை கட்டைவிரல் அளவுதான் இருந்தனவாம். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பும் குமிழுக்குள் மாறாத வெதுவெதுப்பும் உடம்புக்கு ஒத்துக்கொண்டுவிட, எண்பது ஆண்டுகளில் ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றன. போன மாதம் பால்காரரின் இடது காதை ஒன்று கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அவர் துரத்திப் போய்ப் பாதிக் காதைத்தான் மீட்க முடிந்தது.

மயிலாத்தாள் கதவை உதைத்துத் திறந்தாள். கூரையிலிருந்து ஒன்று பாய்ந்தது. வந்த வேகத்திலேயே அதன் வயிற்றில் ஈட்டியை ஏற்றிச் சுவரோடு வைத்துக் குத்தினாள். வெள்ளை நிணம் பீச்சியடித்தது. இரண்டாவதன் மண்டையில் தோசைக்கல்லை இறக்கினாள். தலை ஒரு பக்கம் உருண்ட பிறகும் முண்டம் மட்டும் கவலையே இல்லாமல் சர்க்கரை டப்பாவை நோக்கி நடந்தது. மூன்றாவது அவள் முழங்கால் தகட்டைக் கடித்துப் பல்லை இழந்து, பிறகு உயிரையும் இழந்தது. இவ்வளவுக்கும் நடுவே பாலை அடுப்பில் ஏற்றி, அது பொங்குவதற்குள் அணைத்தும்விட்டாள்.

"எத்தனைங்கம்மா?" என்று உள்ளறையிலிருந்து குயிலினி கேட்டாள்.

"மூணு கண்ணு. அத்தனையும் நாச்சிமுத்து மாமன் ஊட்டுக் காத்துக்குழாய் வழியா வந்ததுக. நம்மூட்டுல ஏது கரப்பான்?"

குயிலினிக்கு ஏழு வயது. மார்பில் மூச்சுப்பேழை பொருத்தியிருந்தது. தீப்பெட்டி அளவிலான அந்தக் கருவிதான் அவளுடைய நுரையீரலின் பாதி வேலையைப் பார்த்தது. அந்தப் பாதியைக் கொல்பனி தின்றிருந்தது.

கொல்பனி என்பது பூச்சிமருந்து. குமிழூரின் முதல் குடிகள் அதைப் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூடிய ஊர் அது. சமையலறையில் அடித்த மருந்து எட்டே நிமிடத்தில் காற்றுக்குழாய் வழியாகச் சுற்றி வந்து அடித்தவர் மூக்கிலேயே ஏறும். முதல் பத்து ஆண்டுகள் கரப்பான்கள் செத்தன. பிறகு பழகிக்கொண்டன. அதன்பின் கொஞ்சம் கொழுத்தன. மனிதர்களுக்குத்தான் பழக்கம் வரவில்லை. முப்பது வயதில் பல் கொட்டியது. நாற்பதுக்கு மேல் உயிரோடு இருந்தவரைப் பெரியவர் என்று மேடையில் ஏற்றினார்கள். மயிலாத்தாளின் கணவர் மூன்று மாதம் இருமி, மூச்சு முட்டி இறந்தபோது, வயதாகி இறந்தார் என்று பதிவேட்டில் எழுதினார்கள். வயது முப்பத்தெட்டு.

அன்றைக்குத்தான் மயிலாத்தாள் ஊர்மன்றத் தேர்தலில் நின்றாள். இரண்டு ஆண்டுகள் கத்தி, கெஞ்சி, நாலு பேர் சட்டையைப் பிடித்து, மாற்றுப்பொருள் சட்டத்தைக் கொண்டுவந்தாள். சட்டம் எளியது. ஒரு நஞ்சு செய்கிற வேலையை நஞ்சில்லாத வேறொன்று செய்யுமானால், நஞ்சைப் பூட்டி வை, மற்றதை எடு. அந்த மற்றதும் கையில் இருந்தது. முடக்குநீர் என்று பெயர். கரப்பானின் கால்மூட்டில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், மூட்டெல்லாம் பூட்டிக்கொண்டு மல்லாந்துவிடும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை.

குறை சொல்லும்படி ஒன்றுமே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அடித்தால் கண் எரியவில்லை, தொண்டை பிடிக்கவில்லை, இது என்ன மருந்து என்று ஊரே கேட்டது. தரையைத் துடைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினால்தான் சுத்தம் என்று நம்பிய பரம்பரை அல்லவா! கொடுத்த முடக்குநீரைப் பாதிப் பேர் செடிக்கு ஊற்றினார்கள். மீதிப் பேர் முகம் கழுவினார்கள். கரப்பான்கள் ஊர்வலம் போயின. ஈட்டி செய்யும் கொல்லர்களுக்குக் கை ஓயவில்லை.

சட்டத்துக்கு நூறு நாள் சோதனைக் காலம். அதன்பின் ஊர் வாக்கெடுப்பு. தோற்றால் கொல்பனி திரும்பிவரும். வந்தால் குயிலினியின் பேழை பத்து நாளுக்கு மேல் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று தொண்ணூறாவது நாள்.

*

ஊர்மன்றத்தில் ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். கொல்பனி மீட்புக் குழுத் தலைவரான பக்கத்து வீட்டு நாச்சிமுத்து எழுந்து நின்றார். வாயில் இரண்டே பல்தான். குரலுக்கு மட்டும் குறைவில்லை.

"ஏனம்மிணி, எங்கப்பன் முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் கொல்பனி அடிச்சாரு. ஒரு நாள் படுத்தாரா? நேராச் செத்துத்தான் போனாரு! நாங்கெல்லாம் பொழைக்கலையா?"

கூட்டம் கைதட்டி இருமியது.

மயிலாத்தாள் அப்போதுதான் அந்தப் பெரிய தவற்றைச் செய்தாள். ஒரு டம்ளர் முடக்குநீரை எல்லோர் முன்னாலும் உயர்த்திக் காட்டி, மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்துக்குங்க! என்ற கொழந்தைக்கும் குடுப்பேன். ஒண்ணும் ஆகாதுங்க."

முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து காலி டம்ளரை மோந்து பார்த்தார்.

"அட மோசம் போனமேடா!" என்று நாச்சிமுத்து அலறினார். "மனுசன் குடிக்கிற தண்ணியக் குடுத்துப் போட்டு, கரப்பான் சாகும்ங்கறா பாரு!"

முதல் நாற்காலி பறந்தது. அடிதடியில் குமிழூர்க்காரர்கள் தாராளமானவர்கள். காரணம் ஒட்டுநிலையம். காலையில் அறுந்த கையை மாலைக்குள் ஒட்டித் தரும் வசதி இருக்கும்போது யார்தான் அளந்து அடிப்பார்கள்? ஈட்டிகள் உருவப்பட்டன. சட்டத்தின் பக்கம் இருபது பேர், எதிரே தொள்ளாயிரத்து எண்பது. ஒருவன் தன் அறுந்த காலையே எடுத்து மற்றவன் மண்டையில் போட்டான். மேடைவிரிப்பு சொதசொதவென்று நனைந்தது. மன்றத்து மணியை அடித்து அமைதி கோரிய செயலரை, மணியோடு சேர்த்துச் சன்னல் வழியாக அனுப்பினார்கள். மயிலாத்தாள் நாலு பேரைச் சாய்த்தாள். ஐந்தாவது ஆள் அவளுடைய வலது கையைத் தோளோடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நல்லவேளை, வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

*

ஒட்டுநிலையத்தில் இருநூற்றுப் பதினேழாவது ஆளாகக் காத்திருந்து, கையைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். ஒட்டுயந்திரம் எட்டுக் கரங்களோடு வரவேற்றது. ஒட்டும்போது கர்ரென்று துளைபோடும் சத்தம் கேட்டது. தோளில் சுருக்கென்று ஒரு கிள்ளும் விழுந்தது.

"எதுக்குங்க கிள்ளறீங்க? வலிக்காம ஒட்டற வித்தைதான் வந்துருச்சே?"

"வந்துவிட்டது அம்மா," என்றது யந்திரம். "முதல் மாதம் வலியில்லாமல்தான் ஒட்டினேன். அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். சரியாக ஒட்டவில்லையாம். இருவர் பிய்த்தே பார்த்திருந்தார்கள். இப்போது ஒரு கிள்ளு, ஒரு சத்தம். சத்தம் வெறும் ஒலிப்பதிவு. அதற்குப் பிறகு ஒரு புகாரும் இல்லை."

மயிலாத்தாள் ஒட்டிய கையால் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள். கை நன்றாகவே ஒட்டியிருந்தது.

*

மறுநாள் முழுவதும் அவள் வேலை செய்தாள். முடக்குநீரில் கரிப்பொடி கலந்து கறுப்பாக்கினாள். வெங்காயம் உரித்தால் கண்ணில் ஏறும் காரத்தை நூறு மடங்காக்கிச் சேர்த்தாள். மூக்கோடு நின்று, தொண்டைக்குள் இறங்குமுன் உதிர்ந்துவிடும்படி அதற்கு ஒரு கட்டுப் போட்டாள். அழுகிய முட்டை நாற்றம் போதாது என்று தோன்ற, செத்த எலி நாற்றமும் சேர்த்தாள். பழைய கொல்பனிப் பீப்பாய்களில் அதை நிரப்பி, மண்டையோட்டுப் படம் ஒட்டி, கிடங்கின் முன்னறையில் அடுக்கினாள். அசல் கொல்பனி, பின்னால் பாறைக்கு அடியில் முத்திரை வைத்த அறையில் கிடந்தது. முன்னறை வாசலில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'பறிமுதல் செய்யப்பட்ட கொடிய நஞ்சு. இதைத் தொட யாருக்கும் உரிமை இல்லை.'

உரிமை இல்லை என்று எழுதிய பிறகு அந்தக் கதவு எத்தனை நேரம் தாங்கும்? அரை மணி நேரம் தாங்கியது. நாச்சிமுத்துவின் ஆட்கள் இடிகட்டையோடு வந்தார்கள். காவலுக்கு நின்ற இரண்டு யந்திரங்களைத் துண்டு துண்டாக்கினார்கள். ஒன்றின் தலை தெருவில் உருண்டபடியே, "திருட்டு குற்றமாகும்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டு போயிற்று. மூடியைத் திறந்து மோந்து பார்த்த நாச்சிமுத்துவுக்குக் கண்ணீர் அருவியாகக் கொட்டியது. மண்டி போட்டுவிட்டார்.

"அசலு! மூக்கே கழண்டுக்கும் போல இருக்குதடா! இதல்லோ மருந்து!"

வீட்டுக்கு வீடு அடித்தார்கள். சட்டிக்குள் அடித்தார்கள், மெத்தைக்கு அடியில் அடித்தார்கள், சந்தேகத்துக்கு விருந்தாளி மீதும் அடித்தார்கள். இரண்டாம் நாள் கரப்பான் மழை பெய்தது. கூரைகளிலிருந்து தொப்பு தொப்பென்று விழுந்ததில் பதினோரு பேருக்கு மண்டை உடைந்தது. கால்கள் பூட்டிக்கொண்டு மல்லாந்தவற்றை உலக்கையால் நசுக்கி, மண்வெட்டியால் அள்ளித் தெருவோரம் மலைமலையாகக் குவித்தார்கள். நிணத்தில் வழுக்கி விழாமல் யாரும் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் குமிழூரில் மீசை வைத்த உயிர் மனிதன் மட்டும்தான்.

மயிலாத்தாள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நூறாவது நாள் வாக்கெடுப்பு முடிவு வந்தபோது சிரிப்பு நின்றது.

சட்டம் தோற்றிருந்தது. பழைய மருந்துதான் ஊரைக் காப்பாற்றியது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆயிரத்தில் ஒன்பது பேர் மட்டுமே அவளுக்கு வாக்களித்திருந்தார்கள். கையில் தீர்மானத்தோடு நாச்சிமுத்து பாறைக்கு அடியிலிருந்த அறையைத் திறக்கப் போனார். அசல் பீப்பாய்கள், நானூறு.

*

மையக் காற்றுக்கூடத்தில் பெரிய விசைக்குழாயைப் பூட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மயிலாத்தாள் ஈட்டியோடு ஓடினாள். அங்கே அடித்தால் எட்டு நிமிடத்தில் குயிலினியின் படுக்கையருகே வந்துவிடும். வழிமறித்த ஒருவனைக் கதவோடு சேர்த்துச் சாய்த்தாள். இன்னொருவன் காலை இடறி, படியில் உருட்டினாள். கூடத்துக்குள் பாய்ந்தவள் அப்படியே நின்றாள்.

விசைக்குழாய் இன்னும் ஓடவில்லை. முன்னோட்டமாக ஒரு கைக்குழாயில் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, கண்ணே எரியலைங்களே?"

"இத்தன நாளா அடிச்சமே, அதுல பத்துல ஒரு பங்கு நெடிகூட இல்லையே!"

"நாச்சிமுத்தண்ணா, கலப்படம் பண்ணிப் போட்டீங்களா?"

"அட, இதுதானப்பா அசலு! எங்கப்பன் அடிச்சது!" என்று நாச்சிமுத்து கதறினார். அவருடைய இரண்டு பற்களில் ஒன்று அதற்குள் போயிருந்தது.

யாரோ மயிலாத்தாளைப் பார்த்துவிட்டார்கள். "அம்மிணி, நீங்க படிச்சவீங்க. மோந்து பாத்துச் சொல்லுங்க. இது அசலா, போலியா?"

அவள் வாழ்நாளில் மேடையில் ஒரு பொய் சொன்னதில்லை. உண்மைக்காக ஒரு டம்ளர் குடித்தவள். குனிந்து, கணவனைக் கொன்ற அந்த வாசனையை ஒரு நூல் அளவு இழுத்தாள். நெஞ்சுக்குள் கத்தி இறங்கியது. சிரமப்பட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ச்சீ! இதையெல்லாம் மருந்துன்னு சொல்லாதீங்க. சுத்தமான போலி. இத வெச்சு ஈகூடச் சாகாது."

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததை முழுவதும் எழுதினால் தாள் சிவந்துவிடும். நாச்சிமுத்துவைப் பதினான்கு துண்டாக ஒட்டுநிலையத்துக்கு அனுப்பினார்கள். இடது காதைத் தேடத்தான் மூன்று நாள் ஆயிற்று. நானூறு பீப்பாய்களையும் உருட்டிக்கொண்டு போய், குமிழின் வெளிக்கதவு வழியாகச் செவ்வாய் மணலில் எறிந்து, மேலே பாறையைச் சரித்துப் புதைத்தார்கள். அன்றே ஊர்மன்றம் கூடி, மயிலாத்தாள் கொண்டுவந்ததைவிடக் கடுமையான சட்டம் ஒன்றை ஒருமனதாக நிறைவேற்றியது: கண் எரியாத, மூக்கைத் துளைக்காத எந்தப் பூச்சிமருந்தும் போலியாகக் கருதப்படும், வைத்திருப்பவருக்கு ஒருநாள் தலையின்றி இருக்கும் தண்டனை. மருந்து செய்யும் பொறுப்பை மயிலாத்தாளிடமே கொடுத்தார்கள். அவ்வளவு கொடிய நஞ்சைத் தொடுகிற துணிச்சல் வேறு யாருக்கும் இல்லை.

இரண்டு மாதத்தில் குயிலினியின் மார்பிலிருந்து மூச்சுப்பேழையைக் கழற்றினார்கள். பிள்ளை தெருவெல்லாம் ஓடினாள்.

சிக்கல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. மற்ற பிள்ளைகள் தெருவில் அந்த நாற்றம் எழுந்தாலே நம்பிக்கையினாலேயே இருமினார்கள். ஆசிரியர் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்: 'உங்கள் மகள் பதினைந்து நாளாக ஒருமுறைகூட இருமவில்லை. வீட்டில் ஒழுங்காக மருந்து அடிக்கிறீர்களா? மற்ற பெற்றோர் அஞ்சுகிறார்கள்.'

அம்மாவும் மகளும் அன்று மாலை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தார்கள்.

"அடி வயித்துல இருந்து எடுக்கோணும் கண்ணு. உங்கப்பா இருமுவாருல்ல, அப்புடி."

குயிலினி மூச்சை இழுத்து, முகம் சிவக்க, வீடு அதிரும்படி இருமினாள். சுவருக்கு அப்பாலிருந்து, புதிதாக ஒட்டிய காதைச் சுவரில் வைத்திருந்த நாச்சிமுத்துவின் குரல் நெகிழ்ந்து வந்தது.

"கொழந்தை என்னமா இருமறா அம்மிணி! இப்பத்தானுங்க எனக்கு மூச்சே வந்துச்சு."