காலிக் கேமராவின் சத்தம்

"ஏன் மாமா, இப்ப மட்டும் மிஷின் வேற மாதிரிச் சத்தம் போடுது?"

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆறு வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி அது. "போ தாயி, அங்கிட்டுப் போய் வெளையாடு" என்று சௌந்தரபாண்டியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இயக்குநர் சக்ரபாணி 'பருத்தி வீடு' எடுத்த காலம். இரண்டாம் ஆட்டம் பார்த்தவர்கள் வீடு திரும்பத் துணை தேடிய பேய்ப்படம் அது. ராஜபாளையத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சு வியாபாரி வீட்டில்தான் படப்பிடிப்பு. பிணமாகக் கிடக்க நடிகைகள் யாரும் சம்மதிக்காததால், மில்லில் வேலை பார்த்த கருத்தம்மாவைக் கூட்டி வந்தார்கள். மூக்கில் பஞ்சு வைத்து, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நடுக்கூடத்துப் பெஞ்சில் கிடத்தி எடுத்தார்கள்.

பிணமாக நடித்தவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிக்க வேண்டும் என்று சினிமாக்காரர்களுக்கு ஒரு சாத்திரம் உண்டு. அப்போதுதான் அந்தச் சாவு நடிப்போடு போகும். அன்று பிலிம் தட்டுப்பாடு. சக்ரபாணி, உதவிக் கேமராமேனாக இருந்த சௌந்தரபாண்டியனின் காதில் சொன்னார்: "பிலிம் போடாத. சும்மா ஓட்டு. அவளுக்கு என்ன தெரியப்போவுது."

அவரும் ஓட்டினார். பிலிம் ஓடும்போது கேமரா வயிறு நிறைந்த மாடு அசைபோடுவதுபோல் கனமாக முனகும். காலியாக ஓடினால் சன்னமாக, பல் கிட்டுவதுபோல், கடகடவென்று நடுங்கும். கருத்தம்மா வாய் நிறையச் சிரித்தாள். அவள் மகள் மட்டும் காதைச் சாய்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அன்றிலிருந்து குளிருது குளிருது என்று சொல்லிக்கொண்டிருந்த கருத்தம்மா, பதினாறாம் நாள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது சக்ரபாணியும் இல்லை. அவருடைய வாழ்க்கையைப் படமாக எடுக்க வைஜயந்தி என்ற இளம் இயக்குநர் வந்திருந்தாள். அதே வீடு, அதே நடுக்கூடம். அந்தக் காலத்து முறைகளைச் சொல்லிக்கொடுக்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார் சௌந்தரபாண்டியன். கருத்தம்மாவாக நடிக்க மம்சாபுரத்துப் பொன்மணி. முதல் நாளே, சாப்பாட்டு வண்டி வரத் தாமதமானபோது, டிபன் பாக்ஸ் மூடியில் தன் சோற்றில் பாதியை வைத்து, "நீங்க பசி தாங்க மாட்டிய அண்ணாச்சி" என்று நீட்டியவள்.

மூன்றாம் நாள் பகலில் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து, கூடத்தை இரவாக்கிப் பிணக்காட்சியை எடுத்தார்கள். முடிந்ததும் பொன்மணி எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் அவர் காதில் அது விழுந்தது. சன்னமான கடகட.

இன்றைய டிஜிட்டல் கேமராவுக்குச் சத்தமே கிடையாது.

அவர் திரும்பிப் பார்த்தார். யாருடைய முகமும் மாறவில்லை. மானிட்டரில் போட்டுப் பார்த்தபோது வைஜயந்தியின் புருவம் சுருங்கியது. பதிவில் பொன்மணி எழுந்திருக்கவே இல்லை. கைதட்டல் கேட்கிறது, பெஞ்சில் அவள் கண்மூடிக் கிடக்கிறாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே.

பதிவுகளைக் காப்பவன் ஆல்வின். அவன்மேல்தான் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. படத்துக்கு விளம்பரம் தேட, செட்டில் பேய் என்று ரீல்ஸ் போடலாம் என முந்தாநாள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னதை அவர் கேட்டிருந்தார்.

"ஏலே ஆல்வின், ஒம் போனக் குடு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அந்தக் காலிக் கேமராச் சத்தத்த நீதானல போட்டுவிட்ட?"

"எந்தச் சத்தம்?" அவன் போனை நீட்டினான். அதில் ஒன்றும் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. காலிக் கேமரா என்ன சத்தம் போடும்னு இந்த யூனிட்ல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். ஒங்களத்தான் எல்லாரும் ஒரு மாதிரியாப் பாக்காவ."

அதன்பின் அவர் எல்லாரையும் சந்தேகப்பட்டார். லைட்டைத் தூக்கி வைப்பவனை, மேக்கப் போடுகிற பெண்ணை, தூணின் நிழலை, சுவரிலிருந்து எழும் ஈரப்பஞ்சு வாசனையை, அப்படியொரு வாசனையே இல்லை என்று சொன்ன வாட்ச்மேன் சமுத்திரத்தை. கடைசியில் பஸ்ஸில் திரும்பும்போது, ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததும் கும்பிட எழுந்த தன் கைகளையே. அன்று பிலிம் போடாமல் விட்டவை அந்தக் கைகள்தானே.

மறுநாள் பொன்மணி சாப்பிடவில்லை.

"ஒரே குளிரா இருக்கு அண்ணாச்சி. கண்ணச் சொக்குது." சித்திரை வெயிலில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். கிணற்றடிக் கல்போல் இருந்தது.

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"காட்டிட்டேன். ஒண்ணுமில்லங்காரு. பொறவு... படுத்தா எந்திரிக்கத் தோண மாட்டேங்கு. எம் பயலுக்குப் பள்ளிக்கூடம் தொறக்குறவரைக்கும் இந்த வேலை இருந்தாப் போதும்."

அன்றைக்கும் இதே பேச்சுத்தான். இதே குளிர்தான்.

செட்டில் காட்டுவதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பழைய கேமராவை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஓடுகிற நிலையில் இருந்தது. பிலிமிலும் ஓரிரண்டு காட்சி எடுக்க வேண்டுமென்று வைஜயந்தி ஒரு டப்பா பிலிமும் வாங்கி வைத்திருந்தாள். அன்று காலைதான், "சார், நீங்களே லோடு பண்ணி ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்று அவரிடம் கொடுத்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பின்முற்றத்துக்குப் போனார்கள். அவர் போகவில்லை.

வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைகளை விட்டு, பார்க்காமலே, விரல்களின் ஞாபகத்தால் பிலிமை ஏற்றினார். கேமராவைப் பெஞ்சுக்கு நேராக வைத்தார். கதவைச் சாத்தினார். ஜன்னல் துணியின் ஓட்டைகள் வழியே ஊசி ஊசியாக வந்த வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்தது. எங்கோ ஒரு பல்லி இரண்டு தரம் சொல்லி நிறுத்தியது. பின்முற்றத்துச் சாம்பார் வாசனைக்கும் அவருக்கும் நடுவில் ஈரப்பஞ்சின் வாசனை மெல்ல, ஆள் வந்து நிற்பதுபோல் வந்து நின்றது.

"கருத்தம்மா" என்றார். "அன்னைக்கு நான் ஓட்டுனது காலிக் கேமரா. பொய்யி. எம் பொய்யிதான். இப்பப் பிலிம் இருக்கு. அந்தப் பிள்ளய விட்டுரு. எந்திரிச்சு உக்காந்து சிரி, தாயி."

விசையை அழுத்தினார். கனமான முனகல் எழுந்தது. சரியான சத்தம்.

கண்ணை வியூஃபைண்டரில் வைத்தார். பெஞ்சு. வெறும் பெஞ்சு.

மரம் நெரிந்தது.

பாதங்கள். கட்டிய பெருவிரல்கள். அசைந்தன.

அவர் மூச்சை அடக்கினார். கண்ணை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது. ரீல் முடியும்வரை எடுக்கக் கூடாது.

இடுப்பு எழுந்தது. தோள் எழுந்தது. தலை, கடைசியாக. மூக்கில் பஞ்சு. கண்கள் மூடியிருந்தன.

சிரித்தாள்.

உதடுகள் பிரிந்தன. இன்னும் பிரிந்தன. பல் இல்லை. நாக்கு இல்லை. பஞ்சு. தொண்டைவரை இறுக்கி அடைத்த வெள்ளைப் பஞ்சு.

நாராயணா. நாராயணா. கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பின்முற்றத்தில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். பொன்மணி. "ஏட்டி மாரிசெல்வி, இம்புட்டூண்டு சோத்த யாருக்குடி வைக்க? இன்னும் ரெண்டு கரண்டி போடு. பசி உயிரெடுக்கு!"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து வியூஃபைண்டரை நனைத்தது.

ரீல் முடிந்தது. முனகல் சன்னமான கடகடவாக மாறியது. விசையை அணைத்தார். தலையைத் தூக்கினார். பெஞ்சில் யாரும் இல்லை. பிலிமைக் கறுப்புப் பைக்குள் வைத்தே டப்பாவில் போட்டு, டேப் சுற்றி ஒட்டினார். அதன்மேல் பேனாவால் 'கருத்தம்மா, சிரிப்பு' என்று எழுதினார். பார்க்க ஒருவரும் இல்லை. அவர் கும்பிட்டார்.

கேமராவை மூடிவைக்கத் துண்டை எடுத்தவர், கடைசியாக ஒருமுறை குனிந்து கண்ணை வைத்தார்.

பெஞ்சில் இருந்தாள். முன்னைவிடக் கிட்டத்தில். சிரித்த வாயிலிருந்து பஞ்சு இழை இழையாக மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. தலையைச் சாய்த்து, காது கொடுத்து, நின்றுவிட்ட காலிக் கேமராவை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.