சொல்லாமல் விட்ட பெயர்

அரிப்பு என்ற கடற்கரை ஊரில், மாதாமாதம் காசு கட்டினால் நோய் நாளில் கைகொடுக்கும் சங்கத்துக்கு இரண்டு பெயர்கள். அப்பா அதைச் சுகநலச் சங்கம் என்பார். அம்மா வருத்தச் சங்கம் என்பார்; நோய்க்கு ஊரில் வருத்தம் என்றுதான் பெயர்.

"வருத்தம் வரமுந்தியே காசு கட்டுறது, அதை வா எண்டு கூப்பிடுற மாதிரி," என்றார் அம்மா. "பக்கத்து வீட்டுக் கனகம்மா சேர்ந்து ஒரு கிழமையில காலை முறிச்சவ."

"அவ கழுதையைத் துரத்தப்போய் விழுந்தவ, அம்மா," என்றாள் சுவேதினி.

"அந்தக் கழுதையை ஆர் அனுப்பினது?"

பத்து வயதுச் சுவேதினி எழுந்து வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

அப்பா எமிலியானுஸ் சிரித்தார். அவருடைய உள்ளங்கையில் திருக்கை முள் குத்திய தழும்பு இருந்தது. "ஆசுபத்திரியில மருந்து இலவசம்தான், அன்ரோனெற். போற ஓட்டோ இலவசமோ? கை வீங்கி நான் கடலுக்குப் போகாமல் கிடந்த நாளெல்லாம் எதில சாப்பிட்டனாங்கள்? உன்ர தோடு எங்க போனது?"

அம்மா காதைத் தொட்டுப் பார்த்தார். தோடு இருந்த துளையில் ஈர்க்குத் துண்டு இருந்தது.

அடுத்த நாள் அப்பா கடலுக்குப் போனதும் அம்மா காசைச் சுவேதினியின் கைக்குள் வைத்தார். "டிலோஜினியிட்டக் கொண்டுபோய்க் குடு. என்ர பிள்ளையளின்ர பேரை என்ர வாயால அங்க சொல்லமாட்டன். நீயே சொல்லு."

சோளகக் காற்று வழியெல்லாம் மணலை அள்ளிக் காலில் அடித்தது. சுவேதினி காசை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மா சொல்வது உண்மையாக இருந்தால்? வருத்தம் எங்கேயாவது ஒளிந்துநின்று, யார் யாருடைய பெயரைச் சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால்?

சங்கத்துக்குக் காசு சேர்க்கும் டிலோஜினி அக்கா நானாட்டானிலிருந்து கலியாணம் செய்து வந்தவர். ஊர்ப் பிள்ளைகளை அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

"வீட்டில ஆர் ஆர் இருக்கிறீங்கள், பிள்ளை?"

"எமிலியானுஸ். அன்ரோனெற்." பிறகு குரல் இறங்கியது. "சுவேதினி."

அடுத்தது தம்பி றொட்னி. ஐந்து வயது. முன்பல் இல்லாத சிரிப்பு. அவன் பெயர் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. அவனை மட்டும் ஒளித்துவைத்துவிட்டால் என்ன?

"அவ்வளவுதான், அக்கா," என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தும்மினாலும் பயம். அப்பாவின் படகு திரும்பும்வரை கரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பியைப் பார்க்கும்போது மட்டும் மனம் ஆறும். இவனை வருத்தத்துக்குத் தெரியாது.

ஆனால் ஒரு நாள் பின்னேரம் றொட்னிக்கு முட்டு வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் மூச்சு இழுத்தது. அம்மா நெஞ்சைத் தடவினார், சுடுதண்ணீர் கொடுத்தார். இழுப்பு நிற்கவில்லை. அவன் உதடு நீலமாகத் தொடங்கியது. அப்பாவோ கடலில்.

"மடு மாதாவே! பேர் குடுத்தம், வந்திட்டுது," என்று அம்மா அவனைத் தூக்கிக்கொண்டார். "ஓடு பிள்ளை! டிலோஜினியிட்ட ஓட்டோ கேள். காசு கட்டினனாங்கள்தானே!"

சுவேதினி வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அம்மா... நான் தம்பியின்ர பேரைச் சொல்லேல்லை."

"என்ன?"

"வருத்தத்துக்கு அவனைத் தெரியக்கூடாதெண்டு... விட்டிட்டன்."

அம்மா அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. வெறுமனே பார்த்தார்.

சுவேதினி ஓடினாள். மணல் காலை இழுத்தது. ஒரு பொய்யும் கூடவே ஓடி வந்தது: 'நான் சொன்னனான், நீங்கள்தான் மறந்திட்டீங்கள் எண்டு சொல்லு.' எவ்வளவு சுலபம்! ஆனால் டிலோஜினி அக்காவின் முகத்தைக் கண்டதும் அந்தப் பொய் வாய்க்கு வரவில்லை.

"அக்கா, தம்பிக்கு முட்டு. மூச்சு விடேலாமல் கிடக்கிறான். அவன்ர பேர் சங்கத்தில இல்லை. நான்தான் வேணுமெண்டு சொல்லாமல் விட்டனான். என்ர பேரை வெட்டிப்போட்டு அவன்ர பேரைப் போடுங்கோ, அக்கா!"

டிலோஜினி அக்கா ஏற்கெனவே தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். ஓட்டோக்காரருக்கு வழி சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.

"நாங்கள் ஆளைச் சேர்க்கிறேல்லை, பிள்ளை. வீட்டைத்தான் சேர்க்கிறது. வீட்டில இருக்கிற எல்லாருக்கும் ஓட்டோ வரும். உங்கட பூனைக்கு மட்டும்தான் வராது. ஓடு, கெதியா!"

ஆசுபத்திரியில் றொட்னியின் முகத்தில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். சுவேதினி அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேகமாக ஏறி இறங்கியது. பிறகு கொஞ்சம் மெல்ல. பிறகு இன்னும் மெல்ல. கடைசியில் பூனைக்குட்டி அடங்கியது.

"அக்கா," என்றான் அவன் முகமூடிக்குள்ளிருந்து, "நான் இப்ப பிளேன் ஓட்டுறன்."

சுவேதினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெளியே வாங்குப் பலகையில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். ஓடும்போது வராத ஒரு யோசனை இப்போது வந்தது.

"அம்மா, பேர் சொன்ன மூண்டு பேரும் சுகமாத்தானே இருக்கிறம்?"

"ஓம்."

"பேர் சொல்லாத ஆளுக்குத்தான் வந்தது."

அம்மாவின் விரல் காதிலிருந்த ஈர்க்கைத் தடவிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தக் கழுதையை ஆரும் அனுப்பேல்லைப் போல," என்றார்.

அடுத்த மாதம் டிலோஜினி அக்கா காசு வாங்க வந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தானே வாசலுக்குப் போனார்.

"எங்கட வீட்டில நாலு பேர், தங்கச்சி. எழுதுங்கோ. முதலில றொட்னி!"

காற்றையும் மீறிக் கேட்கும்படி அந்தப் பெயரை அவர் சொன்னார். பழைய பயம் முழுதாக விடாததால், சுவேதினி மெல்ல வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

அங்கே ஒரு கழுதை மட்டும் நின்றது. அது கனகம்மாவின் கொடியில் காய்ந்த துவாயை மென்றுகொண்டிருந்தது.