வெட்டிப் போட்ட ஃபிலிம்

விடிந்தும் விடியாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"ஊர்ல இருக்கிற காருக்கெல்லாம் ஃபிலிம் வெட்டுவாளாம்! என் பொண்ணு வீட்டுக் காருன்னா மட்டும் கை வராதாம்! வயித்தெரிச்சல்... வேற என்ன?"

மருமகள் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் கார்களுக்குப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவதுதான் அவள் கணவனின் தொழில். பெயிண்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்து, தெறிக்கிற கல்லையும் விழுகிற கீறலையும் தாங்கிக்கொள்ளும் ஃபிலிம். அளவெடுத்து வெட்டுவது அவள், ஒட்டுவது அவன். இத்தனை வருஷத்தில் ஒரு காரைக்கூட அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நாத்தனாரின் கணவர் முந்தின நாளே தம் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சொந்த உழைப்பில் வாங்கிய முதல் கார். மாதிரித் துண்டுகளை எல்லாம் நகத்தால் கீறிப் பார்த்து, வெந்நீர் பட்டால் கீறல் தானே மறைகிற கனமான ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். நாளை மறுநாள் கல்லும் கரடுமான பாதையில் நெடுந்தூரம் போக வேண்டும், நாளைக்கே ஒட்டியாக வேண்டும் என்றார். மருமகளோ, "பானெட்டுக்கு மட்டும் ஒரு மாசம் கழிச்சு ஒட்டலாமே" என்றாள். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள்.

எப்படிச் சொல்வாள்? போன வாரம், தன் கணவர் ஊரில் இல்லாதபோது நாத்தனார் காரை எடுத்து, வாசல் கேட்டில் மோதி, பட்டறையில் கொடுத்து பானெட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து வாங்கி வைத்திருந்தாள். அது உள்வரை காய ஒரு மாசம் ஆகும். அந்த விஷயம் தெரிந்தது அண்ணி ஒருத்திக்குத்தான். "அவருக்குத் தெரிஞ்சா நான் செத்தேன் அண்ணி... யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், 'சாப்பிட்டீங்களா அண்ணி' என்று கேட்ட ஒரே ஜீவன் அவள். அதை எப்படி மறப்பது?

"ஒரு மாசமாம்! காரணம் சொல்லத் துப்பில்ல," என்று எரிந்து விழுந்தான் கணவன். "நீ வெட்டு. நான் ஒட்டிக்கிறேன்."

கொட்டகையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அவன் பானெட்டின் மேல் சோப்புத் தண்ணீர் அடித்தான். மேசைமேல் ஃபிலிம் விரிந்து கிடந்தது. ரோலில் மிச்சமிருந்ததே அவ்வளவுதான், சரியாக ஒரு பானெட்டுக்கு வரும். மருமகள் கத்தியை எடுத்தாள். நாத்தனாரை ஒரு தடவை பார்த்தாள். அவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

சரக்... குறுக்கே, நட்ட நடுவில், ஃபிலிம் இரண்டாகப் பிளந்தது!

"ஐயோ!" என்றாள் மாமியார்.

"கை தவறிடுச்சு," என்றாள் மருமகள்.

"கை தவறிச்சா? வேணும்னே வெட்டினதை நான் பார்த்தேன்!" கணவனின் குரல் தகரக் கூரையில் அதிர்ந்தது. "என் தங்கச்சி நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கலையா? வெளிய போ! இனிமே இந்தக் கொட்டகையில காலை வைக்காத!"

அவள் கத்தியை மேசைமேல் வைத்தாள். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி... கார் தப்பியது, நாத்தனாரும் தப்பினாள்.

"போகாதீங்க அண்ணி!"

நாத்தனார் ஓடிவந்து அவள் முன்னால் நின்றாள். "அண்ணா, அது புதுப் பெயிண்ட்! நான்தான் மோதினேன்... நான்தான் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன்... என்னைக் காப்பாத்தத்தான் இவங்க இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டாங்க!"

கணவன் பானெட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். "புதுப் பெயிண்டா? உள்ள காயாம மேல மூடியிருந்தா குமிழ் குமிழா கிளம்பியிருக்கும். உரிச்சா பெயிண்டும் கூடவே வந்திருக்கும்... ஐயோ, நான் என்ன பண்ண இருந்தேன்!"

மாப்பிள்ளை பானெட்டைப் பார்க்கவே இல்லை, மனைவியைத்தான் பார்த்தார். "ஒரு தகரத்துக்காக என்கிட்ட பயந்துகிட்டு இருந்தியா? நான் அவ்வளவு மோசமான ஆளா?" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "அக்கா, என் காரைக் காப்பாத்தினதுக்கு இல்ல. இவ பயந்து நின்னப்போ கூட நின்னீங்களே, அதுக்கு..."

மாமியார் மெல்ல வந்தாள். மருமகளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டேன்மா... நீ பெத்த தாய்க்கும் மேல இருந்திருக்க என் குட்டிக்கு."

"விடுங்க அத்தை. அவ வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாளே, எனக்கு அது போதும்," என்று நாத்தனாரை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் விம்மி விம்மி அழுதார்கள்.

எல்லாரும் உள்ளே போனபின் கணவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "இனிமே நீ ஒரு வண்டியை வேண்டாம்னா வேண்டாம்தான். ஏன்னு காரணமே கேக்க மாட்டேன்."

"கேளுங்க," என்றாள் அவள். "காரணம் கேக்கிறது தப்பில்ல. கத்தாம கேளுங்க... அது போதும் எனக்கு."

அவன் தலையாட்டினான். அவள் கன்னத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. மிக மெதுவாக, முதல் தடவையாகக் கேட்டான்.

"இப்ப ஏன் அழற?"

"நீங்க கேட்டீங்கல்ல... அதுக்குத்தான்," என்றாள் அவள்.