ஒருமித்த முடிவு

இல்ஸின் தலைமுடி காயவே மாட்டேன் என்றது. மூன்று நாளாக அவள் வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் மார்னி துவட்டிவிட்டுத் துண்டைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் முடி நுனிகளில் நீர் கோத்துக்கொண்டு நிற்கும், நனைந்த கம்பளியும் அழுகிய இலையும் கலந்த வாடை அடிக்கும், போர்ட்லாந்து நகரத்தின் ஓயாத மழையே வீட்டுக்குள் குடிவந்த மாதிரி நாற்காலிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். பேச்சும் நின்றுபோயிருந்தது. பதினோரு வருடம் கூடவே வாழ்ந்தவள் இப்போது பக்கத்திலேயே இருந்துகொண்டு கைநழுவிப் போகிறாளே என்று மார்னி மறுபடி துண்டை எடுத்தாள்.

எல்லாம் கார்வின் செய்த கூத்து. வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரன் மேல் அமாவாசையன்று, அங்கே ஒரே குழுவாக வாழ்ந்த மார்னி, இல்ஸ், கார்வின், நெஸ்ஸா நால்வரும் சேர்ந்து செய்வினை வைத்தார்கள். கறுப்பு மெழுகுவர்த்தி, ஆணி, உப்பு எல்லாம் முறைப்படிதான். வருகிற ஆவியைக் கட்டளையிட்டு அழைத்து, வேலை முடிந்ததும் கட்டளையிட்டே அனுப்ப வேண்டும். கார்வினுக்கு அது கசந்தது. கட்டளை போடுவது முதலாளி வேலையாம். எனவே கைகளை விரித்து, ஊர்வலத்தில் முழங்குகிறவன் போலக் கூப்பிட்டான்.

"வீட்ட விட்டுத் துரத்தப்பட்டு மழையில செத்த தோழர்களே, வாங்க! இங்க உங்களுக்கு மேல யாரும் இல்ல. எங்கள்ல ஒருத்தரா, சம உரிமையோட உக்காருங்க!"

மறுநாளே வீட்டுக்காரன் மாடிப்படியில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டான். வெட்கமில்லாமல் நால்வரும் கைதட்டிச் சிரித்தார்கள். அன்று சாயங்காலம்தான் இல்ஸ் நனைய ஆரம்பித்தாள்.

ஞாயிறு மதியம், இல்ஸைப் பற்றிக்கொண்ட ஆவியை அனுப்பிவைக்கக் கூடினார்கள். மடக்கிய முஷ்டி வரைந்த சிவப்புப் பதாகையின் கீழே மெழுகுவர்த்திகள் எரிந்தன. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் இல்ஸ், கழுத்துவரை போர்வை. மார்னி எதிரே முழங்காலிட்டு, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"போகச் சொல்லுடா அத," என்றாள்.

"நான் யாரு சொல்றதுக்கு?" என்றான் கார்வின். "சம உரிமை குடுத்துச் சேத்தாச்சு. உறுப்பினர வெளியேத்தணும்னா எல்லாரும் ஒத்துக்கணும். ஒருத்தர் மறுத்தாலும் செல்லாது. அதானே நம்ம விதி?"

"உன் புரட்சிக்கு இவதான் கெடைச்சாளா?" நெஸ்ஸா சீறினாள். "அடுத்த வீட்டுப் பூனையக்கூட விரட்டத் துப்பில்ல, ஆவிய அழைக்க வந்துட்டான்."

"தோழர், வரிசைப்படி பேசுங்க," என்றான் கார்வின்.

"வரிசையா? இங்க மனுஷி செத்துக்கிட்டிருக்கா!" மார்னி கத்தினாள். அவளுக்கு அவனைக் கழுத்தை நெரித்துக் கொல்லலாம் போலிருந்தது. "சீக்கிரம் கேட்டுத் தொலை."

அதை அனுப்ப எல்லோருக்கும் சம்மதமா என்று கார்வின் கேட்டான். சம்மதம் என்றால் கையைத் தூக்கி விரல்களை ஆட்டுவார்கள். அவன் ஆட்டினான். நெஸ்ஸாவும் ஆட்டினாள்.

"என் கை அவகிட்ட இருக்கு. வாயால சொல்றேன். சம்மதம்," என்றாள் மார்னி.

"இல்ஸ்?"

இல்ஸின் உதடு அசைந்தது. மூன்று நாளில் முதல்முறை. "போகட்டும்," என்றாள், அழுதபடி.

மார்னிக்கு உயிர் வந்தது.

"மறுப்பு யாருக்காவது?" மறுக்கிறவர் கைகளை மார்பில் குறுக்கே கட்டிக் காட்டுவது வழக்கம்.

சொட்டும் சத்தம் நின்றது.

போர்வை அசைந்தது. உள்ளிருந்து. கார்வின் பின்னுக்கு நகர்ந்தான். நெஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மார்னி குனிந்து பார்த்தாள். இல்ஸின் கைகள். இரண்டும். தன் பிடிக்குள்தான் இருந்தன.

நிமிர்ந்தாள். போர்வை நழுவி விழுந்திருந்தது.

இல்ஸின் மார்பின் மேல் வேறு இரண்டு கைகள். நீரில் ஊறி வெளுத்தவை. நகமில்லாதவை. குறுக்கே கட்டி, அவளை இறுக்கிப் பிடித்திருந்தன.