மாற்றிப் போட்ட இரை

அன்றைக்கும் மச்சான்தான் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

செங்கல் சூளைக்காக மண் வெட்டி, சூளையை மூடிய பிறகு தண்ணீர் நின்றுபோன பெரும் பள்ளம் அது. மரியாதைக்குக் குளம் என்போம். கம்பி வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல் இருக்கும். அதை ஒட்டி அவருடைய டிரைவிங் ஸ்கூல் கார், தலையில் சிவப்பு எல் போர்டோடு நின்றது. மத்தியானம் தாண்டியும் பனி விலகவில்லை. ஊறிய களிமண் வாடை மூக்கில் ஏறியது.

"வா மாப்ளே. இன்னிக்காவது ஏதாவது பிடிப்பியா, இல்ல காத்து வாங்கத்தான் வந்தியா?"

என் மனைவியின் அண்ணன் அவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே பழகியதால் எதிரில் நிற்பவன் எல்லாம் அவருக்கு முதல் நாள் ஸ்டியரிங் பிடித்தவன்தான். தனக்கு ஒன்று தெரியாது என்றோ, தான் செய்தது தப்பு என்றோ அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இருட்டுக் குழியில் கயிற்றை நம்பித் தொங்குவது என் பிழைப்பு. லேசில் பயப்படுகிற ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தப் பருவம் முழுக்க எனக்கு ஒரு கெண்டைகூட மாட்டவில்லை. இரைக்காக மீன்தூள், ரவை, முட்டை சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி வேகவைத்தேன். தூண்டில்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒருவர் பூண்டு என்றார், சேர்த்தேன். இன்னொருவர் ஸ்ட்ராபெரி எசென்ஸ் என்றார், அதையும் ஊற்றினேன். வீடு நாறுகிறது என்று மனைவி எனக்கென ஒரு பழைய பாத்திரத்தை ஒதுக்கிவிட்டாள். 'பொறுமை வேண்டும் நண்பரே' என்று குழுவில் ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டபோது போனைத் தண்ணீரில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

மச்சானோ கடையில் விற்கும் டப்பாச் சோளத்தைப் போட்டே அள்ளினார்.

"ரீலை கிளட்ச் விடற மாதிரி விடணும் மாப்ளே. நீ படக்குனு விட்டுடற. வண்டி நின்னுடுது."

பல்லைக் கடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது, பெண் கொடுத்த வீடு.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பாலபாடம் உண்டு. கெண்டை சந்தேகப் பிராணி. இரையை வாய்க்குள் உறிஞ்சிப் பார்க்கும், ஏதாவது குத்தினால் துப்பிவிடும். அதனால் இரையைத் தூண்டில் முள்ளில் குத்த மாட்டோம். முள்ளுக்குக் கீழே மயிரிழை போன்ற நூலில் கட்டித் தொங்கவிடுவோம். அது இரையை நம்பி உறிஞ்சும்போது முள் தானாக உதட்டில் ஏறிவிடும். அதற்கும் முன்னால் பழக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சும்மா இரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் அதிகம். இங்கே வந்தால் வயிறு நிறையும் என்று அது நம்பிய பிறகுதான் தூண்டிலைப் போடுவது.

மச்சானுக்கு மீன் எப்போதும் சாய்ந்த மரத்தடியில்தான் மாட்டும். எப்போதும் பொழுது சாயும் நேரத்தில்தான். ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக வரும். துள்ளாது, இழுக்காது, கூப்பிட்ட பிள்ளை மாதிரி வந்துவிடும். எடை பார்த்துப் படமெடுத்துத் திரும்ப விட்டுவிடுவார். வாரா வாரம் அவருடைய நாற்காலி தண்ணீருக்கு இன்னும் ஒரு அடி அருகில் போயிருந்தது.

இதெல்லாம் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. வயிற்றெரிச்சலில் பார்த்ததால் வேறு எதுவும் தோன்றவில்லை.

அன்று வெளிச்சம் மங்கும் நேரத்தில் மீன் இழுத்தால் ஒலிக்கும் அவருடைய அலாரம் அலறியது. தூண்டில் கம்பு வில்லாக வளைந்தது.

"இதுதான் மாப்ளே! நாம தேடிக்கிட்டிருந்த கிழட்டுக் கெண்டை இதுதான்!"

தண்ணீருக்கு மேலே ஒரு முதுகு எழுந்தது. சத்தியமாக அப்படி ஒரு கெண்டையை நான் பார்த்ததில்லை. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். அது கரைக்குப் பக்கமாக வந்து, வலைக்கு எட்டாத தூரத்தில் நின்றது.

மச்சான் முழங்கால் வரை இறங்கினார். மீன் ஒரு அடி பின்னால் போனது.

இடுப்பு வரை இறங்கினார். இன்னும் ஒரு அடி பின்னால் போனது.

வலையோடு நானும் இறங்கினேன். அப்போதுதான் அதன் கண்ணைப் பார்த்தேன். வெந்த மீனின் கண் போல வெள்ளையாக இருந்தது. செத்து எத்தனை நாளோ. மச்சானுடைய முள் அதன் உதட்டில் சும்மா தொற்றிக்கொண்டிருந்தது. முதுகுத் துடுப்பில் வேறொன்று கட்டியிருந்தது. கறுப்பாக, நீளமாக, ஒற்றை மயிரிழை. நாங்கள் போடும் அதே முடிச்சு. இழையின் மறுமுனை ஆழத்துக்குள் விறைப்பாகப் போனது.

அது தளரவும் இறுகவுமாக இருந்தது.

யாரோ ரீலை மெதுவாக விடுகிற மாதிரி.

"மச்சான், மேல வாங்க."

"வலையக் கொண்டாடா!"

"அது இரை, மச்சான். நம்மளுக்குப் போட்ட இரை."

அவர் காதில் வாங்கவில்லை. இன்னொரு அடி எடுத்து வைத்தார். என் சட்டைப் பையில் கத்தரி இருந்தது. அவருடைய தூண்டில் நரம்பை வெட்டிவிட்டேன்.

மீன் துடிக்கவில்லை. யாரோ வெடுக்கென்று இழுத்தது போல நேராகக் கீழே போய்விட்டது.

மச்சான் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "பொறாமைடா உனக்கு," என்றார் தாழ்ந்த குரலில். "உன் மூஞ்சில முழிக்கவே மாட்டேன்." நான் பார்த்ததைச் சொன்னேன், கெஞ்சினேன், கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மேலேறிப் போனார்.

வீட்டில் சொன்னால் மனைவியும் நம்பவில்லை. "எங்கண்ணன் மீனு பிடிச்சா உங்களுக்கு ஏங்க ஆகல?" என்றாள். குழுவில் எழுதினேன். சிரிக்கும் பொம்மைகள் வந்தன, ஒருவர் அந்த இடத்துக்கு வழி கேட்டார். உயிரைக் காப்பாற்றியவனுக்குக் கிடைத்த பட்டம் பொறாமைக்காரன். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிட, அவர் மறுபடி அங்கே போவார் என்ற நினைப்புதான் என்னைத் தின்றது. போன் செய்தால் எடுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலுக்குப் போனால் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் மனைவியே கலங்கிப்போய் வந்தாள். "அண்ணன் காலைலேருந்து போன் எடுக்கலங்க. ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்."

ஓடினேன். வேலியருகே எல் போர்டு கார் நின்றது. பனி முந்தைய வாரத்தைவிடக் கெட்டியாக இருந்தது. மரத்தடியில் அவருடைய நாற்காலி கிடந்தது, முன்னங்கால் இரண்டும் தண்ணீரில். ஆள் இல்லை.

"மாப்ளே..."

குரல் தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது. ரொம்ப தூரமில்லை.

"மாப்ளே, வலையக் கொண்டா. என்னால முடியல."

வலையை எடுத்துக்கொண்டு கணுக்கால் வரை இறங்கிவிட்டேன். அப்போது என் போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அண்ணன் இங்க வந்துட்டாங்க. நடந்தே வந்தாங்களாம். நீங்க கிளம்பி வந்துடுங்க."

தண்ணீருக்குள் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தேன்.

"மாப்ளே... சீக்கிரம்..." என்றது பனிக்குள் இருந்த குரல்.

கெண்டை ஒருமுறை துப்பிவிட்டால் அதே இரையை மறுபடி போட மாட்டோம். மாற்றிப் போடுவோம். ஆழத்தில் இருக்கிற இதுவும் மாற்றிவிட்டது. எனக்கு மீன் வேண்டாம், மச்சான் பேசினால் போதும் என்று தெரிந்துகொண்டு அவர் குரலையே கோத்து அனுப்பியிருக்கிறது. அதிலும் கோட்டைவிட்டுவிட்டது. என்னால முடியல என்று என் மச்சான் உயிர் போனாலும் சொல்ல மாட்டார்.

வலையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். வேலியைத் தாண்டும் வரை அது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அழுதது.

வீட்டுக் கதவைத் திறந்தால், சாப்பாட்டு மேசையில் மச்சான். முழு உருவமாக, உயிரோடு. மனைவி டீ வைத்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் பூரிப்பு. அவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கைகள் ஜில்லென்று இருந்தன.

"நான்தான் தப்பு மாப்ளே," என்றார். "மனசுல வச்சுக்காத."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பட்ட கஷ்டமெல்லாம் இந்த ஒரு வார்த்தையில் கரைந்த மாதிரி இருந்தது. எதிரில் உட்கார்ந்தேன். டீ வந்தது. காரை ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

மேசைமேல் என் போன் அடித்தது.

திரையில் மச்சானின் பெயர்.

அவருடைய இரண்டு கைகளும் டீ தம்ளரைச் சுற்றியிருந்தன. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எடுக்காத மாப்ளே," என்றார் மெதுவாக. "இன்னும் கொஞ்ச நேரத்துல நின்னுடும்."