மணிக்கட்டில் தெரிந்த சிவப்பு

மாலையில் கணவன்மார் வீடு திரும்பும்போது தூத்துக்குடிப் பெண்கள் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். அங்கே கட்டியிருக்கும் அகவொளிப் பட்டை, மூளைக்குள் வாதுமைப் பருப்பளவில் ஒளிந்திருந்து உணர்ச்சிகளைக் கிளப்பும் அமிக்டலா எவ்வளவு துடிக்கிறது என்பதை நிறமாகக் காட்டிக்கொடுத்துவிடும். அடங்கியிருந்தால் வெள்ளை, ஏறினால் மஞ்சள், உச்சத்தில் சிவப்பு. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் பட்டை சிவக்காவிட்டால் பெண்வீட்டார் பந்தியிலேயே முணுமுணுப்பார்கள். சிவப்பு என்றால் ஆசை என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது.

நிறைமதியைக் கண்டால் அவள் கணவன் கோமதிநாயகத்தின் பட்டை வெள்ளையாகிவிடும். புதிதில் மஞ்சள் வரையாவது வந்தது, இப்போது சுத்த வெள்ளை. பக்கத்து வீட்டுக்காரன் பட்டை தன் பெண்டாட்டியைக் கண்டு மிளகாய்ப் பழமாய்ச் சிவக்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவனுக்கு மேலாளரான ஜெசிந்தா ஒருநாள் வீட்டுக்கு வந்தபோதுதான் தாங்க முடியவில்லை. அந்த மகராசி செருப்பைக் கழற்றுமுன்னே அவன் பட்டை சிவந்துவிட்டது.

விருந்தாளி போனதும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வெள்ளை, அவளுக்குச் சிவப்பா?"

"ஏளா, அந்தம்மாவைப் பாத்தாலே எனக்குக் கொல நடுங்கும். எப்ப வேலைய விட்டுத் தூக்குவாங்களோன்னு பயம். உன்னப் பாத்தா மனசு அப்பிடியே அடங்கிரும்."

"நல்லா கதை அளக்கீய. அடங்குததுக்கு நான் என்ன தூக்க மாத்திரையா?"

அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. கடைசியில் கோமதிநாயகமே இறங்கிவந்தான். மூளையின் துடிப்பைக் கூட்டிக் குறைத்துத் தரும் உணர்வுச் சுருதி நிலையத்துக்கு இருவரும் போய், நிறைமதியின் முகத்துக்கும் குரலுக்கும் அமிக்டலாவின் துடிப்பை ஏற்றித் தரச் சொன்னார்கள். அங்கிருந்த பெண் தயங்கினாள்.

"துடிப்ப ஏத்தலாம்க்கா. அது ஆசையா வருமா, வேற என்னமா வருமான்னு எங்களால சொல்ல முடியாது."

"செவந்தாப் போதும்," என்றாள் நிறைமதி.

"இவளுக்கு நிம்மதின்னா ஏத்திருங்க," என்றான் அவன்.

மறுநாள் மாலை அவன் வந்து உட்கார்ந்ததும், நிறைமதி பணியாரத் தட்டோடு அடுக்களையிலிருந்து வெளிப்பட்டாள். பட்டை சிவந்தது. அப்படியொரு சிவப்பை அந்தத் தெருவே கண்டிருக்காது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்க்கட்டும் என்று ஓடிப்போய் வாசல்கதவை விரியத் திறந்துவைத்தாள்.

திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. அவன் சுவரோடு ஒட்டி நின்றான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"என்னங்க செய்யுது?" என்று அருகே போனாள். அவன் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"நான்... நான் எதும் தப்பு பண்ணிட்டனா?" என்றான்.

நிலையத்துக்கு அப்போதே போன் செய்தாள். துடிப்பைக் குறைக்கலாம், ஆனால் ஒருமுறை பயந்ததை அமிக்டலா லேசில் மறக்காது என்றார்கள்.

அவன் கண்ணில் படாமல் அடுக்களைக்குள் போய் உட்கார்ந்தாள். பொறாமை மட்டும் போகவில்லை. இப்போது அது ஜெசிந்தா மேல் இல்லை. நேற்றுவரை அவன் தோளில் சாய்ந்து வெள்ளைப் பட்டையைத் திட்டிக்கொண்டிருந்தாளே, அந்த நிறைமதி மேல்.