வால்டர் வேண்டாம்

கல்யாணப் படத்தில் ஜூலியட் ஒருத்திதான் நின்றாள். மாப்பிள்ளை நின்ற இடத்தில் மாதா கோயில் சுவர் தெரிந்தது. அவள் கை மட்டும் யார் கையையோ கோத்திருப்பதுபோல் மடங்கி, வெறுங்காற்றில் நின்றது.

கபாலி சிமெண்ட் அரித்த விரலால் போனைத் தேய்த்துப் படத்தைப் பெரிதாக்கினான். நேற்றுவரை அதே படத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வால்டர் நின்றான். பெசன்ட் நகர் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடியவன். ஜூலியட்டின் முதல் புருஷன். செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

செத்தவன்மேல் என்னடா பொறாமை என்று ஊர் கேட்கும். ஊருக்கு என்ன தெரியும்? கபாலியைக் கட்டிக்கொண்ட பிறகு அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் ஜூலியட்தான். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும், அவள் போனில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றுதான் முதலில் தேடினான். வால்டர் வந்தான். பாடுகிற வால்டர், கேக் வெட்டுகிற வால்டர், அவள் தோளில் கை போட்ட வால்டர். நாளெல்லாம் சாரத்தில் நின்று முதுகு ஒடியப் பூசிவிட்டு வருகிறவனுக்கு அவள் சோறு போட்டாள். சிரிப்பை வால்டருக்குப் போட்டாள்.

இன்று காலை தி.நகர் கட்டடத்தில் டீ குடிக்கும்போது, கபாலி வரிவரியாக எழுதித் தேடிக்கொண்டிருந்த போனைக் கூட வேலை செய்யும் மெஹபூப் அலி எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, கலெக்டருக்கு மனு எழுதிக்கினு கீற? தேடுறதுக்குக் கதை எதுக்கு? பேரை மட்டும் போடு."

"ஒர்த்தன் வேணாம்னா?"

"அவன் பேருக்கு முன்னாடி ஒட்டினாப்ல சின்னதா ஒரு கோடு இழு. அவன் கீற பக்கத்தையெல்லாம் தள்ளிட்டு மீதியைக் காட்டும். யாரு மாமா அந்த வேண்டாதவன்?"

கபாலி டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டான். மாலையில் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்ததும், ஒவ்வொரு எழுத்தாகத் தடவி எழுதினான்: ஜூலியட் -வால்டர்.

பக்கங்கள்தானே ஒதுங்க வேண்டும்? பக்கங்கள் அப்படியே இருந்தன. ஆள்தான் ஒதுங்கியிருந்தான்.

ஒதுங்கினவன் எங்கே போனான்?

வெளியே சந்தில் மழை விட்டிருந்தது; ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் பிளாஸ்டிக் குடத்தில் விழும் ஓசையும், அடுப்படியில் கொதிக்கும் மீன்குழம்பின் புளிவாசமும், அதற்கு அடியில் அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தித் திரியின் கருகலும் சேர்ந்து, திரைச்சீலையைத் தாண்டி மெல்ல மெல்ல அவனிடம் வந்தன. பிறகு ஒரு செருமல். பாடப்போகிறவன் தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல. ஆண் குரல்.

"ஜூலி, யாருனா வந்துகிறாங்களா?" கபாலி முன்னறையிலிருந்தே கேட்டான்.

"நீ குளிச்சிட்டு வா. அவரு பசியோட வந்துகிறாரு."

"எவரு?"

அவள் சிரித்தாள். இத்தனை நாள் போனுக்கு மட்டும் கொடுத்த சிரிப்பு, இப்போது அடுப்படியில் சத்தமாகக் கேட்டது.

கபாலி அந்தக் கோட்டை அழித்தான். ஜூலியட் வால்டர். திரும்பத் தேடினான். அதே படம். அதே வெற்றுச் சுவர். பாட்டுக் குழுவின் வீடியோவைத் தட்டினான். நாலு பேர் பாடினார்கள். நடுவில் ஒரு மைக், ஆளில்லாமல். திரும்பப் படத்துக்கே வந்துடு நைனா, உன் எடத்துக்கே போயிடு என்று உதடு முணுமுணுத்தது. விரல் வழுக்கியது. இன்னொரு தடவை தேடினான். வரவில்லை.

எழுந்தான். திரைச்சீலையை விலக்கினான்.

ஜூலியட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தட்டு. சோறும் குழம்பும். அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன.

தட்டில் சோறு பிசைபட்டுக்கொண்டிருந்தது.

தானாக. மெதுவாக. விரல் பதிந்து, பதிந்து. ஒரு முள் தனியே ஓரத்துக்கு நகர்ந்தது. சோறு உருண்டது. எழும்பியது.

அவள் உதட்டருகே வந்து நின்றது.

ஜூலியட் கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.